வாத்தியார் வேலையை விடலாமா?

காலை ஆறேகால் மணிக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து பாருங்கள். அரசு பஸ்களை விட்டுவிட்டால், வந்து நிற்பவை இரண்டே வகை. மஞ்சள் நிறத்தில் இருந்தால் காலேஜ் பஸ். வெள்ளை நிறத்தில், கண்ணாடியில் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தால் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகிற கம்பெனி பஸ். இரண்டுக்கும் காத்திருப்பவர்கள் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் யார் எதில் ஏறுவார் என்று சொல்ல முடியும்.

படித்து முடித்த பையனும் பெண்ணும் மஞ்சள் பஸ்ஸிலிருந்து வெள்ளை பஸ்ஸுக்கு மாறுவது இருபது வருஷமாக நடப்பதுதான். அதில் எழுத ஒன்றும் இல்லை. சமீப காலமாக நான் கவனிப்பது வேறு. மஞ்சள் பஸ்ஸின் முன் சீட்டில், மாணவர்கள் எழுந்து வணக்கம் சொல்ல, மடியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்து போனவர்களில் சிலர் இப்போது வெள்ளை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண். வயது முப்பத்தாறு. பாலிமர் வேதியியலில் பிஎச்.டி. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஒன்பது வருஷமாக முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கிறார். முதல் பாடமே தண்ணீரின் கடினத்தன்மை. பாய்லரில் உப்பு எப்படிப் படியும், படிந்தால் குழாய் எப்படி வெடிக்கும், எப்படித் தடுப்பது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போடுவார். “ஆன்ட்டி, ஒன்பது வருஷமா பாய்லர் வரையறேன். ஒரு பாய்லரையும் நேர்ல பார்த்ததில்ல” என்று அவரே ஒருநாள் சிரித்தார். இப்போது ஒரகடம் பக்கத்து ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை வந்திருக்கிறது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மகிழ வேண்டிய வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை. மாமியாருக்கு மருமகள்மேல் கோபம் இல்லை, பயம்தான். “இத்தினி நாளா எம் மருமவ காலேஜ்ல புரொபசருன்னு சொல்லினு இருந்தேன். இனிமே யாராவது கேட்டா இன்னா சொல்றது? கம்பெனிக்குப் போறான்னா?” என்கிறார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியாது. எங்கள் பக்கத்தில் ‘கம்பெனிக்குப் போறது’ என்றால் மூன்று ஷிஃப்ட், காண்ட்ராக்ட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் வேலை என்று பொருள். பிளஸ் டூ முடித்த பெண்ணும் கம்பெனிக்குப் போகிறாள், டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணும் கம்பெனிக்குப் போகிறாள் என்றால், நடுவில் படித்த பதினைந்து வருஷம் எங்கே போயிற்று? மாமியாரின் கேள்வி அதுதான். அதை ‘வறட்டு கௌரவம்’ என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர் அந்தப் பெண்.

படிப்புக்கு மதிப்புக் கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. (உத்திரமேரூர்க்காரர் எதை எழுதினாலும் கல்வெட்டில் வந்து நிற்பார் என்று கேலி செய்யாதீர்கள்.) வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்துக்கு நிற்க வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் வேதம் ஒன்றும் அதற்கான விளக்க நூல் ஒன்றும் கற்று, எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும். அதாவது படிப்புக்குப் பாதி நிலத்தின் மதிப்பு! அது அந்தணர் சபை, மற்றவர்களுக்கு அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் படித்ததோடு நிற்காமல் ‘எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்’ என்று கேட்டார்கள் பாருங்கள், அது வாத்தியாருக்கான தகுதி.

இன்றைக்கு அந்தப் பாதி நிலம் என்ன ஆயிற்று என்பதுதான் பிரச்னை.

யு.ஜி.சி.யின் ஏழாவது ஊதியக்குழு அளவுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இதை வாங்குபவர்கள் அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள். அதே அரசுக் கல்லூரியில், அதே வகுப்பில், அதே பாடத்தை எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 20,000 ரூபாயாக இருந்து பிறகுதான் 25,000 ஆயிற்று. பெயரில்தான் கௌரவம். கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொல்லிவிட்டது. நிரந்தர வேலைக்குக் காத்திருக்கலாம் என்றால், 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. பல வருஷம் காத்திருந்து வயதைத் தொலைத்தவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சுதான் பதில்.

தனியார் பொறியியல் கல்லூரிகளின் கதை இன்னும் பெரியது. 2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு கணக்கை மாற்றியது. 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்ததை 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று ஆக்கியது. காகிதத்தில் சின்ன மாற்றம். 600 மாணவர் படிக்கும் கல்லூரியில் 40 ஆசிரியர் வேண்டும் என்பது 30 ஆகிவிட்டது. மிச்சம் பத்துப் பேர் வீட்டுக்கு. இருக்கிற முப்பது பேரையாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாக அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கில் இப்படி. காகிதத்தில் வாத்தியார் பத்து இடத்தில் இருக்கிறார் என்றால், நிஜமாக நிற்கிற வாத்தியார் பத்துப் பேர் வேலையைச் செய்கிறார் என்று பொருள்.

அந்த வேலையில் பாடம் நடத்துவது பாதிகூட இல்லை. ஆய்வுக்குழு வருகிறது என்றால் இரவு எட்டு மணி வரை ஃபைல். ஏப்ரல், மே வந்தால் ‘அட்மிஷன் டியூட்டி’. பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீட்டைத் தேடி, உச்சி வெயிலில், நோட்டீஸ் கட்டோடு கிராமம் கிராமமாகப் போக வேண்டும். இத்தனை பிள்ளைகளைச் சேர்த்தால்தான் அந்த மாதச் சம்பளம் என்று சொல்லாமல் சொல்லும் கல்லூரிகள் உண்டு. டாக்டர் பட்டம் பெற்றவரை ஏஜென்ட் ஆக்கிவிட்டு, அவர் வெளியேறினால் மட்டும் ‘புனிதமான பணியை விட்டுவிட்டார்’ என்று வருந்துவது நியாயமா?

ஆனால் கசப்பினால் மட்டும் வெளியே போகிறவர்கள் புது இடத்திலும் கசந்துதான் போவார்கள் என்பது என் எண்ணம். போனவர்களில் நன்றாக இருப்பவர்களைப் பார்த்தால், அவர்களை வெளியே இழுத்தது ஒரு வேலை, ஏதோ ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிக்கும் வரை உத்திரமேரூரும் திருத்தணியும் ஒரே மாவட்டம்தான். அந்தத் திருத்தணிப் பக்கத்து நெமிலி கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணா எல்லா. பாரத் பயோடெக் நிறுவனர். கோவாக்சின் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அவர் படித்தது விவசாயம், பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில். குடும்பத்தின் நிலைமைக்காக பேயர் கம்பெனியின் விவசாயப் பிரிவில் வேலைக்குப் போனார். பிறகு ரோட்டரி உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா. ஹவாயில் முதுகலை, விஸ்கான்சின்-மாடிசனில் பிஎச்.டி. அதன் பிறகு தெற்கு கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி ஆசிரியர். நம் ஊரில் இதைவிடப் பெரிய ‘செட்டில்’ என்ன இருக்கிறது? அமெரிக்கா, பல்கலைக்கழகம், ஆராய்ச்சி.

1996-ல் அதை விட்டுவிட்டு மனைவி சுசித்ராவோடு ஐதராபாத் வந்து நிறுவனம் தொடங்கினார். திரும்பி வந்த காரணத்தில் தன் தாயாருக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உன் வயிறு ஒன்பது அங்குலம்தான், எவ்வளவு சம்பாதித்தாலும் அதற்குமேல் சாப்பிட முடியாது, ஊருக்கு வந்து நீ நினைத்ததைச் செய், சாப்பாட்டுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் அந்த அம்மா பேசினாராம். நம் பக்கத்து அம்மாக்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகத்தான் பேசுவார்கள் என்பதால் இது எனக்கு மறக்கவில்லை.

ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை நம் நாட்டிலேயே குறைந்த விலையில் செய்வதுதான் அவர்களுடைய முதல் பெரிய முயற்சி. அப்போது இறக்குமதி ஊசி சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. அடுத்து ரோட்டா வைரஸ். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் அதுதான். அதற்கான தடுப்பு மருந்தின் கதை, கல்லூரியும் கம்பெனியும் எப்படிச் சேர முடியும் என்பதற்கு நல்ல பாடம். அந்த மருந்துக்கு அடிப்படையான வைரஸ் வகை 1980-களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள். அதை மருந்தாக்கி, லட்சக்கணக்கான டோஸ் ஒரே தரத்தில் செய்ய ஒரு தொழிற்சாலை தேவைப்பட்டது. கடைசிக் கட்டப் பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2015 மார்ச்சில் ரோட்டாவாக் வெளிவந்தது. எய்ம்ஸ் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் இருந்தது குழந்தையின் வாய்க்கு வந்துசேரக் கிட்டத்தட்ட முப்பது வருஷம். 2017 கடைசியில் அவர்களுடைய டைஃபாய்டு தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று கிடைத்தது. அந்த வகை டைஃபாய்டு ஊசிகளில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் ஊசி அது.

கம்பெனி என்றால் விமர்சனமும் சேர்ந்தே வரும். கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3-ஆம் தேதி அவசர அனுமதி கிடைத்தபோது, மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே ஏன் இந்த அவசரம் என்று விஞ்ஞானிகள் பலர் வெளிப்படையாகக் கேட்டார்கள். கேட்டது சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பட்டியலில் அது இடம்பெற்றது அந்த வருஷம் நவம்பரில். பல்கலைக்கழகத்தில் அவசரப்பட்டால் கட்டுரை திரும்பி வரும், அவ்வளவுதான். வெளியில் அவசரப்பட்டால் நாடே கேள்வி கேட்கும். வேலை மாறுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஸ்ரீதர் வேம்பு கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம், சென்னை ஐ.ஐ.டி., பிரின்ஸ்டனில் பிஎச்.டி. பேராசிரியராகப் போகக்கூடிய பாதை. 1994-ல் குவால்காம் கம்பெனியில் சேர்ந்தார். 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் பின்னால் ஸோஹோ ஆயிற்று. இன்று அதன் பெரிய வளாகம் இருப்பது கூடுவாஞ்சேரிப் பக்கம், அதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். எனக்கு இதில் பிடித்தது கடைசித் திருப்பம். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டுத் தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை எடுத்துக்கொண்டார். சுற்றிச் சுற்றி ஆராய்ச்சிக்கே வந்துவிட்டார். சரி, இவர்கள் எல்லாம் முதலாளி ஆனவர்கள். நம் பக்கத்துத் தெருப் பெண்போல மாதச் சம்பளத்துக்குப் போகிறவருக்கு இந்தக் கதைகள் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம்.

அவருக்கு நான் சொன்னது வேறொருவர் கதையை. உங்கள் வீட்டில் யாராவது பி.எஸ்சி. புள்ளியியலோ எம்.பி.ஏ.வோ படித்திருந்தால் ‘ஸ்டூடன்ட் டி-டெஸ்ட்’ என்பதைப் படித்திருப்பார்கள். மாணவர்களுக்கான சோதனை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ‘ஸ்டூடன்ட்’ என்பது ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயர். நிஜப் பெயர் வில்லியம் காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899-ல் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். இவ்வளவு படித்தவன் சாராய ஆலைக்கா என்று அவர் ஊரிலும் யாராவது கேட்டிருக்கலாம்!

அங்கே அவருக்கு ஒரு சிக்கல். எந்த பார்லி நல்லது என்று பார்க்க நாலைந்து வயலில்தான் சோதனை செய்ய முடியும். புத்தகத்தில் இருந்த கணக்கோ நூற்றுக்கணக்கான மாதிரிகள் இருந்தால்தான் சரிவரும். நாலு வயலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒரு புதுக் கணக்கைக் கண்டுபிடித்தார். கம்பெனி ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிடக் கூடாது என்பது ஆலையின் விதி. அதனால் 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்று போட்டு வெளியிட்டார். கடைசி வரை அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தார். அவர் தந்த கணக்கில்லாமல் இன்று ஒரு விவசாயக் கல்லூரியும் ஒரு மருந்துக் கம்பெனியும் ஓடாது.

இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. நிஜமான சிக்கல் கம்பெனியில்தான் கிடைத்தது. பெயர் போட்டுக்கொள்ளும் உரிமை அங்கேதான் போயிற்று. கம்பெனிக்குப் போனால் உங்கள் கண்டுபிடிப்பு அவர்களுடையது. கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும். ‘என் கட்டுரை, என் பெயர்’ என்று பழகியவர்களுக்கு முதல் வருஷம் இது உறுத்தும்.

எதிர்த்திசையில் போனவர்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சர் சி.வி. ராமன் 1907-லிருந்து பத்து வருஷம் நிதித்துறையில் பெரிய அதிகாரி. 1917-ல் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். 1930-ல் நோபல் பரிசு.

கம்பெனி வேலையும் கல்லில் வெட்டியதல்ல, இதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006-ல் வந்தபோது எத்தனை வீட்டில் பால் பொங்கிற்று! 2014 நவம்பரில் மூடினார்கள். மறைமலைநகர் ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது, அடுத்த வருஷம் ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. கல்லூரியில் சம்பளம் குறைவு என்றாலும் ‘ஒரே நாளில் கேட் பூட்டு’ என்பது அபூர்வம். எனவே ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இல்லாதவர்கள் அவசரப்படக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு.

நம் பெண்ணின் வீட்டில் கௌரவப் பேச்சில் ஒரு வாரம் போயிற்று. கணக்குப் பேச யாருக்கும் தோன்றவில்லை. நான் போய்க் கேட்டது கணக்கைத்தான். “கிராஜுவிட்டி கேட்டியாம்மா?” என்றேன். “வாத்தியாருக்கெல்லாம் அது உண்டா ஆன்ட்டி?” என்றார்.

உண்டு. பணிக்கொடைச் சட்டம் 1972-ஆம் வருஷத்தது. தனியார் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் அதில் வருவார்களா என்று வெகுகாலம் வழக்கு நடந்தது. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3-ஆம் தேதியிலிருந்தே ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். 2025 வரை இருந்த சட்டப்படி கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்க வேண்டும். வருவதை எத்தனை வருஷம் வேலை பார்த்தாரோ அத்தனையால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 15,000. ஒன்பது வருஷத்துக்கு 1,35,000. முப்பது நாளில் தர வேண்டும். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். இதைக் கேட்டதும் அதுவரை முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த மாமியார், “இன்னொரு தபா சொல்லுங்க” என்றார்.

சில கல்லூரிகள் சம்பள ஸ்லிப்பில் அடிப்படைச் சம்பளத்தை எட்டாயிரம் என்று போட்டுவிட்டு மீதியை ஏதேதோ அலவன்ஸ் என்று காட்டும். அப்படியானால் தொகை இளைத்துவிடும். உங்கள் ஸ்லிப்பை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது பி.எஃப். வேலை மாறும்போது அதை மொத்தமாக எடுத்து ஃப்ரிட்ஜும் வண்டியும் வாங்கிவிடுவது நம் வழக்கம். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் இருப்பவருக்கு மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருஷ சேவை வேண்டும். ஒன்பது வருஷத்தில் பணத்தை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் அந்த எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். பழைய எண்ணிலேயே புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் ஒரு வருஷத்தில் பத்தைத் தொட்டுவிடலாம். ஒரே யு.ஏ.என். எண் இருந்தால் போதும், ஆன்லைனில் செய்யலாம். பெயரில் ஓர் இனிஷியல் மாறியிருந்தால்கூட விண்ணப்பம் திரும்பும் என்பதால் கல்லூரியை விட்டு வருவதற்கு முன்பே ஆதாரில் உள்ள பெயரோடு சரிபார்த்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

மூன்றாவது, ஒரிஜினல் சான்றிதழ். வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது ‘செமஸ்டர் முடியட்டும்’, ‘மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டு’ என்று இழுக்கும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. ஆசிரியர்களின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ.யின் நிலை. எழுத்து மூலமாகக் கேளுங்கள், ரசீதோடு தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. அதே சமயம், நடு செமஸ்டரில் அறுபது பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். கல்லூரி நிர்வாகம் செய்த தப்புக்கு அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மே மாதம் வரை தள்ளிக்கொள்ள முடியுமா என்று புதுக் கம்பெனியிடம் கேட்டால், நல்ல கம்பெனி பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும்.

இன்டர்வியூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள், எத்தனை சதவீதம் பாஸ் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். நம் பெண்ணிடம் கேட்ட கேள்வி, “ஒரு லோடு முழுக்கத் தரத்தில் தேறலை, வண்டி கேட்டில் நிற்குது, வாங்கினவர் போன் மேல போன் போடறார். முதல்ல என்ன செய்வீங்க?” அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முதலில் சோதித்த கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன் என்றாராம். ஒன்பது வருஷம் லேபில் பிள்ளைகளின் தப்பான ரீடிங்கைத் திருத்தியவருக்கு வரும் பதில் அது. கேள்வி கேட்டவர் பெரிதாகப் படித்தவர் அல்ல, டிப்ளமோ, வயது முப்பத்தொன்று. இனி அவர்தான் மேலதிகாரி. ‘மேடம்’ என்று கூப்பிட்டுப் பழகிய வயதுக்காரரை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் இரட்டைச் சம்பளத்திலும் தூங்க மாட்டார்கள்.

போனால் திரும்பி வர வழியே இல்லையா என்பது கணவரின் கேள்வி. அவர் அதிகம் பேசாதவர், கேட்டது இது ஒன்றுதான். முன்பெல்லாம் கஷ்டம். 2022-ல் யு.ஜி.சி. ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்று ஒரு பதவியைக் கொண்டுவந்தது. ஒரு துறையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துத் தேர்ந்தவரை, பிஎச்.டி. இல்லாவிட்டாலும் பேராசிரியராக எடுக்கலாம். ஒரு கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து சதவீதம் வரை இப்படி வைத்துக்கொள்ளலாம். நிரந்தரம் அல்ல, நாலு வருஷத்துக்கு மேல் நீட்டிக்க முடியாது. ஆனால் கதவு திறந்திருக்கிறது. இந்தப் பெண்ணிடம் பிஎச்.டி.யும் இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில் பாய்லரைத் தொட்டுப் பார்த்த வாத்தியாராக ஒரு வகுப்பில் நிற்கலாம்.

மாமியார் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். “கம்பெனில சோதனை பண்ற டாக்டரு” என்கிறாராம். ஊரில் பாதிப் பேர் மருத்துவர் என்று நினைத்து, இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்க வரப்போகிறார்கள்.